தமிழ் வினையின் வாலைப் பிடித்தால் ஆங்கில டென்ஸ் புரியும்

22 ஆண்டுகளாகப் பிறர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதுதான் என் வேலை. அந்த வேலைக்கு வரும் முன் நானே தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஒருவருக்கு இப்படி எழுதினேன்: 'ஐ ஹேட் கம் டு யுவர் ஆஃபீஸ் யெஸ்டர்டே.' என் மேலாளர் அந்த 'ஹேட்'டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: பிறகு என்ன நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. போனேன், அவர் இல்லை, திரும்பிவிட்டேன். இதில் 'பிறகு' என்ன இருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. அந்தக் கேள்வி புரிய இரண்டு நாள் பிடித்தது. 'ஹேட் கம்' என்று எழுதினால் ஆங்கிலம் படிக்கிறவர் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார். 'நான் வந்து முடித்திருந்தேன், அதன்பின் இன்னது நிகழ்ந்தது' என்று கதை தொடரப்போவதாக எதிர்பார்ப்பார். நானோ முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். 'ஐ கேம்' என்பதே போதும்.

சரி, அந்த 'ஹேட்' எங்கிருந்து வந்தது? எந்த இலக்கணப் புத்தகமும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. 'நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன்' என்ற தமிழ் வாக்கியம் மனதில் ஓடியது. 'வந்திருந்தேன்' என்பதை அப்படியே பிரித்தால் 'வந்து', 'இருந்தேன்'. இருந்தேனுக்கு 'ஹேட்' போட்டேன். தமிழில் அந்த வாக்கியத்தில் ஒரு குற்றமும் இல்லை. 'வந்தேன்' என்பதைவிட அது பணிவாகக்கூட ஒலிக்கிறது. வந்ததும் திரும்பியதும் முடிந்துபோனவை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பணிவுக்கு ஆங்கிலத்தில் 'ஹேட்' பயன்படாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் வழி மாறியது. ஆங்கில வாக்கியம் தவறாக வந்தால் ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பதில்லை. அதை எழுதும்போது மனதில் ஓடிய தமிழ் வினையின் வாலைத்தான், அதாவது அதன் கடைசியில் ஒட்டியிருப்பதைத்தான், முதலில் பார்க்கிறேன். கடிதங்களில் நான் பார்க்கும் டென்ஸ் பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பன்னிரண்டு கட்ட அட்டவணை

பள்ளியில் எல்லோரும் ஆங்கில டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்போம். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை, ஆக 12 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தமிழ் வடிவம். 'சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பேன்' என்று எந்த மனிதனும் சாதாரணமாகச் சொல்லாத ஒன்றைக்கூட நான் ஒப்பித்திருக்கிறேன். அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு தமிழ் வடிவத்துக்கு ஒரு ஆங்கில வடிவம் என்று அது முடிச்சுப் போட்டுவிடுகிறது. அங்கேதான் வினை.

நம் இலக்கண நூலான நன்னூல், வினைச்சொல்லின் நடுவே நின்று காலத்தைக் காட்டும் இடைநிலைகளை வகுத்துத் தருகிறது. த், ட், ற், இன் இறந்தகாலத்துக்கு. கிறு, கின்று, ஆநின்று நிகழ்காலத்துக்கு. ப், வ் எதிர்காலத்துக்கு. ஆங்கில வினை தன் உடம்பில் இரண்டு காலத்தைத்தான் சுமக்கிறது. 'வொர்க்' ஒன்று, 'வொர்க்ட்' ஒன்று. எதிர்காலத்துக்கென்று அதற்குத் தனி உருவமே இல்லை. 'வில்' என்ற உதவியாளை முன்னே நிறுத்திக்கொள்கிறது. மற்றதெல்லாம் உதவியாட்களின் சேர்க்கை. நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல 'ஆம்', 'இஸ்', 'வாஸ்' போன்ற 'பீ' குடும்பமும் 'இங்'கும் சேரும். ஒரு செயலை அதற்குப் பிந்திய ஒரு நேரத்தோடு இணைத்துச் சொல்ல 'ஹேவ்' குடும்பமும் வினையின் மூன்றாம் வடிவமும் ('கோ, வென்ட், கான்' என்பதில் 'கான்') சேரும். நாமும் 'கொண்டிரு', 'இரு', 'விடு' என்று துணைவினைகளை ஒட்டித்தானே பேசுகிறோம்? கருவிகள் இரண்டு மொழியிலும் உண்டு. எந்தக் கருவி எந்த வேலைக்கு என்பதில்தான் வேறுபாடு.

'நடப்பார்' எதிர்காலமா?

'அவர் தினமும் காலையில் நடப்பார்.' இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பத்தில் பாதிப் பேராவது 'ஹி வில் வாக் எவ்ரி மார்னிங்' என்பார்கள். 'நடப்பார்' எதிர்காலம், எதிர்காலத்துக்கு 'வில்', கணக்கு சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் இதைக் கேட்கும் ஆங்கிலேயர், அவர் இதுவரை நடந்ததில்லை, இனிமேல் நடக்கப்போவதாக உறுதி எடுத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

தமிழின் ப், வ் இடைநிலைகளுக்கு இரண்டு வேலை. 'நாளைக்கு நடப்பார்' என்றால் எதிர்காலம். 'தினமும் நடப்பார்' என்றால் வழக்கம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று சொல்லும்போது நாளைக்குக் கொதிக்கப்போகிறது என்றா சொல்கிறோம்? எப்போதும் அப்படித்தான் என்கிறோம். இந்த வழக்கத்துக்கும் இயல்புக்கும் ஆங்கிலம் வைத்திருப்பது சிம்பிள் பிரசென்ட். 'ஹி வாக்ஸ் எவ்ரி மார்னிங்.' 'வாட்டர் பாயில்ஸ்.' எனவே 'வில்' எழுத நினைக்கும்போதெல்லாம் அந்தத் தமிழ் வாக்கியத்தில் 'வழக்கமாக' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் 'வில்' வேண்டாம்.

அந்த வால் கடந்த காலத்துக்கும் போகும் என்பது இன்னும் வேடிக்கை. 'சிறு வயதில் நிறையப் படிப்பேன்' என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகாலம். 'ஐ வில் ரீட் எ லாட் இன் மை சைல்ட்ஹுட்' என்று ஒருவர் விண்ணப்பத்தில் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். முன்பு இருந்து இப்போது விட்டுப்போன பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' இருக்கிறது: 'ஐ யூஸ்ட் டு ரீட் எ லாட்.'

சிம்பிள் பிரசென்ட் என்றதும் 'ஸ்' ஞாபகம் வரவேண்டும். நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறாள், நடக்கிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்துப் பேசிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலம் அந்த விகுதிகளையெல்லாம் காலப்போக்கில் உதிர்த்துவிட்டு, 'ஹி', 'ஷி', 'இட்' வரும் இடத்தில் மட்டும் ஒரு 'ஸ்'ஸை மிச்சம் வைத்திருக்கிறது. இத்தனை விகுதிகளைத் தூக்கத்திலும் பிழையில்லாமல் சொல்கிற நாம் அந்த ஒற்றை 'ஸ்'ஸை மறக்கிறோம். கேள்வியிலும் மறுப்பிலும் அது 'டஸ்'ஸிடம் போய்விடும், வினை வெறுங்கையோடு நிற்கும்: 'டஸ் ஹி வாக்?' 'ஹி டஸ் நாட் வாக்.'

'எனக்கு' வந்தால் 'இங்' வராது

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்'. இவை தவறு என்று சொல்லும் புத்தகங்கள் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். பட்டியல் எனக்கு ஒருபோதும் மனதில் நின்றதில்லை. நெடுநாள் கழித்து ஒரு குறுக்குவழி கண்டேன்.

எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்குப் புரிகிறது. எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இவற்றில் எதிலும் 'நான்' இல்லை, எல்லாம் 'எனக்கு'. நாம் செய்யும் செயலாக இல்லாமல் நமக்கு அமைந்திருக்கும் நிலையாகத் தமிழ் இவற்றைப் பார்க்கிறது. ஆங்கிலமும் 'நோ', 'லைக்', 'வான்ட்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'ரிமெம்பர்', 'ஹேவ்' ஆகியவற்றை நிலையாகத்தான் பார்க்கிறது. ஆகவே 'இங்' ஒட்டுவதில்லை. தமிழில் 'எனக்கு' போட்டுச் சொல்லும் வினையா என்று பாருங்கள். ஆமென்றால் பெரும்பாலும் சிம்பிள் பிரசென்ட்தான்.

இது முழுமையான விதி ஆகாது. 'நம்புகிறேன்' என்பதில் 'எனக்கு' இல்லை, ஆனாலும் 'ஐ பிலீவ்'தான், 'ஐ ஆம் பிலீவிங்' கிடையாது. அதேபோல 'ஹேவ்' என்பது 'இருக்கிறது' என்ற பொருளை விட்டு 'சாப்பிடு' என்ற பொருளில் வந்தால் அது செயல். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' முற்றிலும் சரி.

மற்ற வினைகளுக்கு 'கொண்டிருக்கிறேன்' சோதனை போதும். 'வேலை செய்கிறேன்' என்பது இந்த நிமிடத்தையும் சொல்லும், தொழிலையும் சொல்லும். 'வேலை செய்துகொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்றால் 'ஐ ஆம் வொர்க்கிங்'. 'ஆசிரியராக வேலை செய்கிறேன்' என்றால் 'ஐ வொர்க் ஆஸ் எ டீச்சர்'.

'ஹேவ்': முடிந்ததா, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா

'ஹேவ்' சேர்ந்து வரும் பிரசென்ட் பெர்ஃபெக்டைத்தான் எல்லோரும் கஷ்டம் என்கிறார்கள். உண்மையில் நமக்கு அது எளிதாக இருக்கவேண்டும். 'மழை பெய்திருக்கிறது' என்று எப்போது சொல்கிறோம்? பெய்ததை நாம் பார்க்கவில்லை. தரை ஈரமாக இருப்பதைப் பார்க்கிறோம். நடந்தது கடந்த காலத்தில், அடையாளம் நிகழ்காலத்தில். 'ஹேவ்' செய்வதும் அநேகமாக அதுதான். 'ஐ லாஸ்ட் மை கீ' என்றால் சாவியைத் தொலைத்தேன், அது ஒரு செய்தி, பிறகு கிடைத்திருக்கலாம். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் இப்போதும் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

இதிலிருந்து ஒரு கறாரான விதி பிறக்கிறது. வாக்கியத்தில் 'எப்போது?' என்ற கேள்விக்கு முடிந்துபோன ஒரு நேரம் பதிலாக இருந்தால், அங்கே 'ஹேவ்' நுழையக் கூடாது. 'யெஸ்டர்டே', 'இன் 2019', 'டூ டேஸ் அகோ' எல்லாமே அப்படிப்பட்டவை. 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே' தவறு. 'ஐ ஸா ஹிம் யெஸ்டர்டே' சரி. 'ஐ ஹேவ் ஸீன் ஹிம்' என்று நேரம் சொல்லாமல் நிறுத்தினாலும் சரி. 'திஸ் மார்னிங்' மட்டும் கொஞ்சம் தந்திரமானது. காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் நாட் ஸீன் ஹிம் திஸ் மார்னிங்' என்னலாம். காலைப்பொழுது இன்னும் மிச்சம் இருக்கிறது, அவர் வரக்கூடும். மாலை நான்கு மணிக்கு அதையே சொல்லவேண்டுமானால் 'ஐ டிட் நாட் ஸீ ஹிம்' என்றாகிவிடும். வாக்கியத்தைக் கடிகாரம் மாற்றுகிறது.

'விட்டேன்' வரும் இடமெல்லாம் 'ஹேவ்' என்று சிலர் கற்றுத்தருகிறார்கள். பாதி உண்மை. 'முடித்துவிட்டேன்' என்றால் 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்'. 'நேற்றே முடித்துவிட்டேன்' என்றால் நேரம் வந்துவிட்டது, 'ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே'. அமெரிக்கர்கள் 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' வரும் இடங்களிலும் 'ஹேவ்' இல்லாமல் 'ஐ ஆல்ரெடி ஃபினிஷ்ட்' என்று பேசுவார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே எழுதுங்கள்.

'அவர் பாரிஸுக்குப் போயிருக்கிறார்.' இப்போது அவர் எங்கே இருக்கிறார்? தமிழ் வாக்கியம் சொல்லாது. அங்கேயே இருக்கலாம், என்றோ போய்வந்த அனுபவமாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இங்கே நம்மைவிடத் துல்லியம். 'ஹி ஹேஸ் கான் டு பாரிஸ்' என்றால் ஆள் இங்கே இல்லை. 'ஹி ஹேஸ் பீன் டு பாரிஸ்' என்றால் போய்த் திரும்பிவிட்டார். 'ஐ ஹேவ் கான் டு பாரிஸ்' என்று நம் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொன்னால் கேட்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது 'ஆக' என்னும் வால். 'மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்.' 'செய்கிறேன்' நிகழ்காலம் என்பதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. இதில் இரண்டு பிழைகள். தொடங்கி இன்றுவரை நீளும் எதற்கும் ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கும். நீளத்தைச் சொன்னால் 'ஃபார்', தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. தமிழில் இதற்கு அருமையான அடையாளம் இருக்கிறது: 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. மூன்று வருடமாக, 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. 2015இலிருந்து, 'சின்ஸ் 2015'. ஆக, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.' நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று வாய் தவறிச் சொன்னால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

'ஹேட்' முக்கியமாக வேண்டிய சூழல்

கடந்த காலத்தில் இரண்டு சம்பவங்கள் இருக்கவேண்டும். அவற்றில் முந்தியதைப் பிந்தியதன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்துச் சொல்லவேண்டும். அப்போது 'ஹேட்'. 'நாங்கள் நிலையத்துக்குப் போனபோது ரயில் கிளம்பிவிட்டிருந்தது' என்பது 'வென் வி ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்'. இதில் 'ஹேட்'டை எடுத்துவிட்டு 'த ட்ரெயின் லெஃப்ட்' என்று எழுதினால் படம் மாறிவிடும்: நாங்கள் போய் நின்றோம், ரயில் கண்ணெதிரே கிளம்பியது. ஒரு சொல்லால் பிளாட்ஃபாரம் வெறுமையாகிறது, அல்லது கடைசிப் பெட்டி தெரிகிறது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற சொற்கள் வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் 'ஹேட்' இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லி 'ஹேட்' எழுதியிருந்தால், என் மேலாளரின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிறகு என்ன நடந்தது? பதில் இல்லையென்றால் அடித்துவிடலாம்.

'போனவில்லை' என்று யாராவது சொல்வார்களா

'ஐ டிட் நாட் வென்ட்', 'டிட் யூ ஸா?' என்ற பிழைகள் படித்தவர்களிடமும் இருக்கின்றன. நடந்து முடிந்த விஷயம் என்பதால் வினையையும் இறந்தகாலத்தில் போடவேண்டும் என்று கை துடிக்கிறது. தமிழில் என்ன செய்கிறோம்? 'போனேன்' என்பதை மறுக்கும்போது 'போனவில்லை' என்பதில்லை, 'போகவில்லை' என்கிறோம். வினை காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று நிற்கிறது, மறுப்பை 'இல்லை' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' காலத்தைச் சுமந்துகொள்கிறது, 'கோ' சும்மா நிற்கிறது. 'டிட் நாட் வென்ட்' உங்கள் காதில் 'போனவில்லை' போல ஒலிக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பிழை தானாக உதிர்ந்துவிடும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவுடன் சிரிக்கிறார்கள், அதன்பின் மறப்பதில்லை.

'வரவில்லை'யில் ஒரு சிக்கலும் உண்டு. காலத்தைக் கழற்றிவிட்டதால், அது எந்தக் காலம் என்று நாம்தான் தீர்மானிக்கவேண்டும். 'பதில் வரவில்லை' என்பதை 'த ரிப்ளை டிட் நாட் கம்' என்று எழுதினால் அந்த விவகாரம் முடிந்துவிட்டது, பதிலை எதிர்பார்க்கவும் இல்லை என்று ஆகும். 'த ரிப்ளை ஹேஸ் நாட் கம்' என்றால் இன்னும் காத்திருக்கிறேன். 'இன்னும்' என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதிர்காலம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசும் அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவுக்கும் வாக்குறுதிக்கும் 'வில்'. ஏற்கெனவே மனதில் இருக்கும் திட்டத்துக்கு 'கோயிங் டு'. நாளும் நேரமும் குறித்துவிட்ட சந்திப்புக்கு 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ' என்று 'இங்'கே போதும்; நாமும் 'நாளைக்கு அவரைப் பார்க்கிறேன்' என்றுதானே நிகழ்காலத்தில் சொல்கிறோம். இந்த மூன்றையும் மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் பொருள் புரிந்துவிடும்.

மன்னிக்க முடியாதது 'வென் யூ வில் கம்'. 'நீங்கள் வரும்போது' என்பதில் 'வரும்' எதிர்கால வடிவம். அதனால்தான் அந்த 'வில்'. எதிர்காலத்தைச் சொல்லும் வாக்கியத்தில் 'வென்' 'போது' என்ற பொருளிலும் 'இஃப்' ('வந்தால்' என்பதில் உள்ள) 'ஆல்' என்ற பொருளிலும் வந்தால், அந்தப் பகுதிக்குள் 'வில்' கிடையாது. 'வென் யூ கம், ஐ வில் டெல் யூ.' 'வில்' மறுபாதியில் ஒருமுறை வந்தால் போதும். 'எப்போது வருவீர்கள்?' என்று கேட்கும் 'வென் வில் யூ கம்?' வேறு சங்கதி, அது கேள்வி.

அடுத்தவர் சொன்னதைச் சொல்வது

தமிழில் 'வருகிறேன் என்று சொன்னார்' என்போம். அவர் சொன்ன சொல் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் 'செட்' என்ற இறந்தகாலம் உள்ளே இருப்பதையும் ஒரு படி பின்னுக்கு இழுக்கும்: 'ஹி செட் ஹி வுட் கம்.' 'வில்' 'வுட்' ஆகும், 'இஸ்' 'வாஸ்' ஆகும், 'ஹேஸ்' 'ஹேட்' ஆகும். சொன்னது இன்னும் உண்மையாகவே இருந்தால் இழுக்காமலும் விடலாம். ஆனால் பழகும் காலத்தில் இழுத்தே எழுதுங்கள். 'ஹி செட் தட் ஐ வில் கம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வரப்போவது நீங்கள் என்று ஆகிவிடும்.

மூன்று வடிவங்களும் ஒரு உச்சரிப்பும்

'கோ, வென்ட், கான்' போன்றவற்றை மனப்பாடம் செய்வதற்கு மாற்று வழி எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 'பீ', 'ஹேவ்', 'டூ', 'சே', 'கெட்', 'மேக்', 'கோ', 'நோ', 'டேக்', 'ஸீ' ஆகிய பத்துமே ஒழுங்கில்லாதவை. அதிகம் புழங்குவதால்தான் அவை பழைய உருவத்தை இழக்காமல் தப்பித்தன. 'வென்ட்' பிறப்பால் 'கோ'வின் பிள்ளையே இல்லை. 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலத்தை 'கோ' தத்து எடுத்துக்கொண்டது. பட்டியலை அகரவரிசையில் படிக்காமல் ஓசைவரிசையில் படியுங்கள். 'சிங், சாங், சங்' உடன் 'ரிங்', 'டிரிங்க்'. 'ரைட், ரோட், ரிட்டன்' உடன் 'டிரைவ்', 'ரைட்' போல ஒலிக்கும் சவாரி வினை. மாறவே மாறாத 'கட்', 'புட்', 'ஷட்' தனியாக. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம் போதும்.

ஒழுங்கான வினைகளில் சிக்கல் எழுத்தில் இல்லை, வாயில். 'வொர்க்கெட்', 'ஸ்டாப்பெட்' என்று ஓர் அசையைக் கூட்டிச் சொல்கிறோம். வினை ட் அல்லது அதன் மெலிந்த ஒலியில் முடிந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் அசை: 'வான்டட்', 'நீடட்'. மற்றதெல்லாம் 'வொர்க்ட்', 'ஸ்டாப்ட்' என்று கூடுதல் அசை இல்லாமல் முடியும்.

ஒரு கடிதம், வரி வரியாக

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தக் கொடுத்தாள். ஓர் இயந்திரம் நின்றுபோனதற்கு விளக்கம். அவள் எழுதியது இது:

'ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் செக்‌ஷன் சின்ஸ் 4 மன்த்ஸ். ஐ வில் செக் த மெஷின் எவ்ரி மார்னிங். ஐ ஹேட் செக்ட் இட் ஆன் மண்டே. வென் ஐ கேம் ஆன் டியூஸ்டே, இட் ஸ்டாப்ட். த மெக்கானிக் செட் ஹி வில் கம், பட் ஹி டிட் நாட் கேம். வென் ஹி வில் கம், ஐ வில் இன்ஃபார்ம் யூ.'

நான் உடனே திருத்தவில்லை. மனதில் இருந்த தமிழைச் சொல்லச் சொன்னேன். 'நாலு மாதமாக வேலை செய்கிறேன். தினமும் காலையில் சோதிப்பேன். திங்கட்கிழமை சோதித்திருந்தேன். செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது நின்றுபோயிருந்தது. மெக்கானிக் வருகிறேன் என்று சொன்னார், இன்னும் வரவில்லை. அவர் வரும்போது தெரிவிக்கிறேன்.' தமிழில் பிசிறே இல்லை.

முதல் வரியில் 'மாதமாக' என்ற 'ஆக' இருக்கிறது: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் திஸ் செக்‌ஷன் ஃபார் 4 மன்த்ஸ்.' அடுத்த வரிதான் ஆபத்தானது. 'ஐ வில் செக் எவ்ரி மார்னிங்' என்பதை மேலதிகாரி எப்படிப் படிப்பார்? இதுவரை சோதிக்கவில்லை, இனிமேல் சோதிக்கிறேன் என்று அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டது போல. 'வழக்கமாகச் சோதிப்பேன்' என்று சேர்த்துப் பார்த்தாள், பொருந்தியது. 'ஐ செக் த மெஷின் எவ்ரி மார்னிங்' ஆயிற்று. 'டிட் நாட் கேம்' என்ற இடத்தில் நான் 'வந்தவில்லை' என்றேன். சிரித்துவிட்டு, 'இன்னும்' இருப்பதையும் அவளே கவனித்து, 'ஹி ஹேஸ் நாட் கம் யெட்' என்று மாற்றினாள். 'ஹி வில் கம்' 'ஹி வுட் கம்' ஆனது. கடைசி வரியில் முதல் 'வில்' போனது: 'வென் ஹி கம்ஸ், ஐ வில் இன்ஃபார்ம் யூ.' 'கம்ஸ்' என்பதில் அந்த 'ஸ்'ஸையும் மறக்கவில்லை.

மிச்சம் இருந்தவை திங்களும் செவ்வாயும். திங்கட்கிழமை வரியைக் காட்டி, பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். 'ஒன்றும் நடக்கவில்லை, நன்றாகத்தான் ஓடியது' என்றாள். அப்படியானால் 'ஐ செக்ட் இட் ஆன் மண்டே' போதும். செவ்வாய்க்கிழமை வரியோ, 'வென் ஐ கேம், இட் ஸ்டாப்ட்' என்று இருந்தது. இவள் உள்ளே நுழைந்தாள், இயந்திரம் நின்றது. ஏதோ இவள் கை பட்டு நின்றது போல. உண்மையில் அது இரவே நின்றுபோயிருந்தது. 'இட் ஹேட் ஸ்டாப்ட்' என்று எழுதினோம். ஆக அவள் எழுதிய 'ஹேட்' கடிதத்தை விட்டு எங்கும் போகவில்லை. ஒரு வரி கீழே இறங்கி உட்கார்ந்தது.